மாதிரிக் குழந்தைக்கு வயது ஐம்பத்திரண்டு

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குச் சான்றிதழும் தருகிறார்கள் என்பது எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை, படிக்காமலேயே சும்மா இருப்பவர்களைத்தான் பார்த்திருந்தேன்.

நான் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஒரு திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவை முடிக்கும் முன்பே தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு சுற்றறிக்கை கிடந்தது. அதைத் தொடவே பயந்தவர்போல ஸ்கேலால் என் பக்கம் தள்ளினார்.

"நம்ம பள்ளிக்கூடத்துல கைவேலை வராத பிள்ளைங்க ஆறு பேர் இருக்காங்க இல்லையா டீச்சர்? பென்சில் பிடிக்க வராது, கத்தரிக்கோல் வராது, சட்டைப் பொத்தான் போட வராது. இவங்களுக்கெல்லாம் இனிமே ஆக்குபேஷனல் தெரபி குழு நடத்தணுமாம். கையை எப்படிப் பயன்படுத்துறதுன்னு பழக்கிவிடுற சிகிச்சை. வருஷக் கடைசிக்குள்ள ஆறு பேருக்கும் 'குழுவில் உள்ளார்'னு சீட்டு வாங்கியாகணும்."

"வாங்கலேன்னா?"

"சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு லாயக்கில்லைன்னு சிறப்பு மையத்துக்கு அனுப்பிடணும்."

"அது எங்க இருக்கு?"

"ரெண்டு பஸ் மாறணும். இடம் கிடைக்க மூணு வருஷமாவது ஆகும்னு சொல்றாங்க."

"அதுவரைக்கும் பிள்ளைங்க?"

"வீட்டுலதான்," என்றார் தலைமையாசிரியை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அதனால குழுத் தலைவர் பயிற்சிக்கு உங்க பேரைக் கொடுத்துட்டேன். உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி."

எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் நான் மறுக்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தி என் வகுப்பு மைனா.

பெயர் வேறு. ஓயாமல் பேசுவதால் வகுப்பே அவளை மைனா என்றுதான் கூப்பிடும். ஏழு வயது. வாய் ஊரைச் சுற்றி வந்துவிடும், கை மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். சட்டைப் பொத்தானைப் பிடித்தால் அது வழுக்கும், ஓட்டையைப் பிடித்தால் துணி சுருங்கும். அவளுடைய அம்மா சலவைக்கடையில் ஒரு நாளைக்கு நூறு சட்டைக்காவது பொத்தான் போட்டு மடிக்கிறவள். "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் டீச்சர் வரல?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

பயிற்சி நிறுவனம் ஐந்து மாடி. வாசலில் குட்டி நாற்காலி, குட்டி மேசையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'குழந்தைகளை உள்ளே அழைத்து வராதீர்.' கட்டடம் மாறி வந்துவிட்டோமோ என்று காவலாளியிடம் கேட்டேன். "குழந்தைங்க நிறுவனம்தானேம்மா? இதேதான். பிள்ளைங்க வந்தா இங்க வேலை ஓடாது," என்றார்.

முதல் நாள் இயக்குநர் பேசினார். வழுக்கைத் தலை, வெண்ணெய்க் குரல். மேடையில் தண்ணீர் டம்ளரைத் தவிர எல்லாவற்றுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது. இத்தனை வருஷத்துல ஒரு குழந்தைகூட என்மேல புகார் சொன்னதில்ல. என்ன காரணம்? நான் எந்தக் குழந்தையையும் நேர்ல பார்த்ததில்ல. பார்த்தா பாசம் வரும். பாசம் வந்தா பாரபட்சம் வரும். இந்த நிறுவனத்துல பாரபட்சத்துக்கு இடமே கிடையாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று நானும் தட்டினேன்.

எங்களுக்கு வகுப்பெடுத்தவரைக் கடிகாரத்தம்மா என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். வணக்கம் சொன்னால்கூட அதை அழுத்திவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். குழு ஒரு தடவை கூடினால் முப்பது நிமிடம் என்று சொல்லிக்கொடுத்தார். அதில் வரவேற்புப் பாட்டு பதினொரு நிமிடம். இயக்குநரே எழுதியது, எட்டுச் சரணம், 'வணக்கம் என் கட்டை விரலே' என்று தொடங்கி விரல் விரலாகப் போகும். விடைபெறும் பாட்டு ஒன்பது நிமிடம். பொருள்களைக் கொடுக்க, திருப்பி வாங்கி எண்ணி வைக்க ஏழு நிமிடம்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "அப்போ தெரபிக்கு மூணு நிமிஷம்தானே மேடம் மிஞ்சுது? யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி இல்ல?"

"அந்த மூணு நிமிஷமும் எங்களுக்கு ஒரு குறைதான்," என்றார் அவர் வருத்தத்தோடு. "எல்லாத் தப்பும் அந்த மூணு நிமிஷத்துலதான் நடக்குது. அதை எப்படி நிரப்புறதுன்னு ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கு."

அடுத்த வாரம் இலக்கு எழுதும் பயிற்சி. நான் எழுதினேன்: 'மைனா வருஷக் கடைசிக்குள் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வாள்.' கடிகாரத்தம்மா அதைப் படித்துவிட்டு, குழம்பில் தலைமுடி கிடந்ததைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"இது நடக்கலேன்னா யார் பதில் சொல்றது?"

"நான்தான்."

"அதனாலதான் இப்படி எழுதக்கூடாது. நடந்தாலும் நடக்காட்டியும் நடந்ததா இருக்கணும், அதுதான் இலக்கு."

நான்கு நாள் திருத்தினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக அது கடைசியில் இப்படி வந்து நின்றது: 'பொத்தான் சார்ந்த பொருளின் அருகாமையில் அமர்வு பேணப்படும்.' அதற்கு எனக்கு முழு மதிப்பெண். மைனாவைக் காணோம், 'போட்டுக்கொள்வாளை'யும் காணோம். பொத்தான் மட்டும் எப்படியோ தப்பித்தது.

பிறகுதான் மாதிரிக் குழந்தையைக் கூட்டிவந்தார்கள்.

நிஜக் குழந்தைகள் பயிற்சியாளர்களின் கவனத்தைக் கெடுப்பதாக முன்பொரு ஆய்வில் தெரிந்ததாம். அதனால் நிறுவனத்திலேயே 'மாதிரிக் குழந்தை' என்று ஒரு பதவி. அந்தப் பதவியில் இருந்தவர் முன்பு அங்கே அலுவலக உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. மீசை பாதி நரைத்திருந்தது. கழுத்தில் 'வயது 7' என்று அட்டை. எல்லோரும் அவரைப் பாப்பா அண்ணன் என்று கூப்பிட்டார்கள். குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, எட்டுச் சரணமும் முடியும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தார்.

இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை வருஷமாண்ணே இந்த வேலை?"

"பதினொரு வருஷமா ஏழு வயசும்மா. ஒருதடவை பதவி உயர்வு வந்துச்சு, எட்டு வயசு ஆக்குறோம்னாங்க. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். எட்டு வயசுக்குக் கத்தரிக்கோல் கொடுப்பாங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

பள்ளிகளில் பிள்ளைகளை அளப்பதற்கு ஒரு மாதிரி அட்டவணை உண்டு. ஏழு வயதுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் நூலில் இத்தனை மணி கோக்கும், பாட்டு நேரத்தில் கையை அசைக்காது என்றெல்லாம் அதில் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பாப்பா அண்ணனை உட்கார வைத்து அளந்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்று. அன்றிலிருந்து ஊரில் உள்ள ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லாம் அவரைவிட மட்டமாக இருப்பதாகப் பதிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மைனாவின் ஞாபகம் வந்தது, சிரிப்பு போய்விட்டது.

செயல்முறைத் தேர்வில் நான் தலைவர், பாப்பா அண்ணன் குழந்தை. பதினான்காவது நிமிடத்தில் அவர் அழ வேண்டும், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்காம் எண் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். 'உன் உணர்வை நான் குறித்துக்கொண்டேன்' என்பது அந்த வாக்கியம். தலைவர் குழந்தையின் கையைத் தொடவே கூடாது, தொட்டால் பத்து மதிப்பெண் போச்சு. சரியாகப் பதினான்காவது நிமிடத்தில் அழுதார். கண்ணீரே வந்தது. வாக்கியமாவது மண்ணாவது, எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னாச்சுண்ணே?" என்று குனிந்து கேட்டுவிட்டேன்.

"விரல் வலிக்குதும்மா," என்றார் உதடு அசையாமல். "பதினொரு வருஷமா மணி கோத்துக் கோத்து மூட்டெல்லாம் போச்சு. என் சட்டைப் பொத்தானையே என்னால போட முடியல. என் சம்சாரம்தான் முக்கால்வாசி நுழைச்சு விடுவா, கடைசி இழுப்பு மட்டும் நான் இழுப்பேன். நானே போட்ட மாதிரி இருக்கும்ல? வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

அந்தப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்ட ஒரே தெரபி அதுதான். அதைக் கடிகாரத்தம்மா குறித்துக்கொள்ளவில்லை, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். எனக்கு நூற்றுக்கு நூறு. பாப்பா அண்ணனுக்கும் நூறு. முந்தின நாளே அச்சடித்து வைத்துவிட்டார்களாம்.

சான்றிதழோடு பள்ளிக்குத் திரும்பி, செவ்வாய்க்கிழமை தோறும் குழுவை நடத்தினேன். கதவு திறந்திருந்தால் எட்டுச் சரணம், சாத்தியிருந்தால் ஒன்று. மிச்ச நேரமெல்லாம் வேலை. மாவைப் பிசைந்தோம், துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டினோம், அட்டையில் வாய் கீறி அதற்குள் நாணயம் போட்டோம். மைனாவின் அம்மா சலவைக்கடையில் யாரும் வாங்க வராத ஒரு பழைய கோட்டைக் கொடுத்தனுப்பினாள். அதன் பொத்தான் ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவு. நான் முக்கால்வாசி நுழைத்து விடுவேன், மைனா மீதியை இழுப்பாள். அப்புறம் பாதி. அப்புறம் கால்.

"டீச்சர், இது வாயைத் திறந்து பொத்தானை முழுங்குது பாருங்க! ஏய், முழுசா முழுங்கு, துப்பாத!" என்று ஓட்டையோடு சண்டை போடுவாள்.

பிஸ்கட் அளவிலிருந்து சட்டைப் பொத்தானுக்கு வர ஏழு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை பொத்தானைப் பிய்த்து எறிந்தாள், ஒருமுறை என் கையைக் கடித்தாள். இருந்தாலும் வந்தது. சில நாள் ஒரு பொத்தான், சில நாள் இரண்டு. முழுச் சட்டை மட்டும் வசப்படவில்லை. ஐந்து பொத்தானில் நடுவில் எங்கேயாவது கோபம் வந்து விட்டுவிடுவாள்.

வருஷக் கடைசியில் சீட்டுக் கொடுக்க இயக்குநரும் கடிகாரத்தம்மாவும் வந்தார்கள். தலைமையாசிரியை நடைபாதையெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார். நான் ஆறு பிள்ளைகளிடமும், "இன்னைக்கு ஒருநாள் பாட்டு முடியுறவரைக்கும் கை மடியில இருக்கட்டும்டா கண்ணுகளா," என்று கெஞ்சி வைத்திருந்தேன். இயக்குநர் இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் குழந்தைகளைப் பார்த்தார். "இவ்வளவு சின்னதாவா இருக்காங்க?" என்று கடிகாரத்தம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

வரவேற்புப் பாட்டு எப்படியோ ஒப்பேறியது. மூன்று நிமிடத் தெரபியின்போது இயக்குநர் போனில் பேசிக்கொண்டிருந்தார். விடைபெறும் பாட்டின் மூன்றாம் சரணத்தில் மைனாவின் கை மடியை விட்டு எழுந்தது. கண்ணால் அதட்டினேன், அவள் பார்க்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பிடித்துவிட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வழுக்கியது, நான் சரணத்தை மாற்றிப் பாடிவிட்டேன். இன்றைக்குப் பார்த்துக் கோபமே வரவில்லை அவளுக்கு. ஐந்தாவது பொத்தான் நுழைந்ததும் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"போட்டுட்டேன்! டீச்சர், எல்லாத்தையும் நானே போட்டுட்டேன்!"

மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அந்த வருஷத்தில் மனசாரத் தட்டியது அப்போதுதான். கடிகாரத்தம்மா ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

தலைமையாசிரியையின் அறையில் இயக்குநர் அறிக்கையைப் படித்தார். 'பாட்டு நேரத்தில் தொடர்பில்லாத கை அசைவு. ஐந்து முறை. பிற குழந்தைகளையும் கைதட்டத் தூண்டியது. குழுவுக்குத் தகுதியில்லை.'

"சார், அது அசைவு இல்ல, பொத்தான்!" என்றேன். "பொத்தான் போட வரலேன்னுதான் சார் அவ குழுவுலயே இருந்தா. இன்னைக்கு முழுச் சட்டைக்கும் போட்டுட்டா. நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களே!"

"பார்த்தேன்மா, நான் மறுக்கல. பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றேன்." வெண்ணெய்க் குரலில் மெல்லச் சொன்னார். "அந்தப் பொண்ணோட இலக்கு என்ன? பொத்தான் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும். அவ எழுந்து நின்னுட்டா. நம்ம மாதிரிக் குழந்தை பதினொரு வருஷத்துல ஒருநாளாவது நாற்காலி மேல ஏறியிருக்காரா? இன்னைக்கு ஒருத்தி பொத்தான் போடுவா, நாளைக்கு ஒருத்தன் செருப்பு மாட்டுவான். எல்லாருக்கும் எல்லாம் வந்துட்டா குழு எதுக்கு? நிறுவனம் எதுக்கு? நான் எதுக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது என்று தோன்றியது.

மைனாவைக் குழுவிலிருந்து நீக்கிச் சிறப்பு மையத்துக்கு அனுப்பும் படிவத்தில் குழுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. போடாவிட்டால் தலைவர் ஒத்துழைக்கவில்லை என்று பொருள், தலைவர் ஒத்துழைக்காத குழு குழுவே இல்லை, ஆறு பேருக்கும் சீட்டு கிடையாது என்று விளக்கினார். தலைமையாசிரியை என் பக்கம் குனிந்து, "மத்த அஞ்சு பேரை நினைச்சுப் பாருங்க டீச்சர்," என்றார். அந்த ஐந்து பேரில் ஒருவன் அப்போதுதான் பென்சிலைப் பிடிக்கத் தொடங்கியிருந்தான். நான் பேனாவை எடுத்தேன். என் பெயரையே கோணலாக எழுதினேன். குழு என்றால் ஆறு பேர் வேண்டுமே, ஐந்தாகிவிட்டதே என்று கடைசி ஆசையாகக் கேட்டேன். அதற்கும் ஏற்பாடு இருந்தது.

அன்றிரவு என் வீட்டுக்காரர், "நீ போடலேன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மைனாவை அழைத்துக்கொண்டு அவளுடைய அம்மா அந்த நீக்கல் காகிதத்தை வாங்க வந்தாள். சலவைக்கடைக்கு அரைநாள் விடுப்புப் போட்டிருந்தாள். மைனா சட்டைப் பொத்தான் ஐந்தையும் தானே போட்டிருந்தாள். ஒரு ஓட்டை தவறிப் போனதால் சட்டை ஒருபக்கம் ஏறி நின்றது. அம்மா அதைச் சரிசெய்யவில்லை.

"வாசல்லயே நின்னு எல்லாருக்கும் காட்டிட்டு வர்றா டீச்சர்," என்றாள் அம்மா. பிறகு காகிதத்தை விரித்து மெதுவாகப் படித்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. பொத்தான் போட வரலேன்னு சேர்த்தீங்க. இப்ப போடுறாளே. அதுக்கா வெளிய அனுப்புறீங்க?"

"நான் அனுப்பல..." என்று ஆரம்பித்தேன்.

"கீழ கையெழுத்து யாரோடது டீச்சர்?"

"என்னோடதுதான்," என்றேன்.

மைனா இதையெல்லாம் கேட்கவில்லை. குழு அறையின் கதவில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்கள் பள்ளிக்கு அவரை ஆறாவது குழந்தையாக அனுப்பியிருந்தார்கள்.

"அந்த மாமா யாரு டீச்சர்?"

"புதுசா சேர்ந்திருக்கார்."

"அவ்ளோ பெருசா இருக்காரு, அவருக்கும் வரலையா? பாவம்." கொஞ்சம் யோசித்தாள். "நான் வேணும்னா நாளைக்கு வந்து சொல்லித் தரட்டுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். சட்டை மடிக்கிறவளின் மடிப்பு, ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம்.

"நேரமாச்சு, வாடி," என்று மகளின் கையைப் பிடித்தாள். "ஒரு வருஷம் உனக்காகப் பாடுபட்டிருக்காங்க. டீச்சருக்குத் தேங்க்ஸ் சொல்லு."

மைனா சொன்னாள்.